பூட்டன் இருந்த ஸ்டேசனைத் தேடி: நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு உத்தியோகம் பார்க்கப் போன ஒருவர் உங்கள் வம்சத்திலும் இருந்தால், வேறெங்கும் காசு கட்ட முன்னம் ஒரு இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் நடத்தும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி அது. முழுக்க இலவசம். கடனட்டை கேட்காது, ‘ஏழு நாளுக்கு மட்டும் இலவசம்’ என்று ஆசை காட்டாது. கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டே நூறு வருசத்துக்கு முந்திய பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். நான் அதில் என் பூட்டனைத் தேடினேன். கண்டும்பிடித்தேன். இதே தேடலில் இறங்க நினைக்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எப்படித் தேடினால் அலைச்சல் குறையும் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தளத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், அதற்குப் போட்டியாக ஓடிய சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், 1914இல் வந்த மலாயா டிரிபியூன், போருக்குப் பிந்திய இந்தியன் டெய்லி மெயில், பினாங்கின் சில பத்திரிகைகள், ஜப்பானியர் காலத்துச் சியோனான் பத்திரிகை, கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு என்று பெரிய சேகரம். எங்கள் தேடலுக்கு முக்கியமானது மலாயா டிரிபியூன். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமாருக்கும் வியாபாரிகளுக்கும் எழுதப்பட்டது. டிரிபியூனோ ஆங்கிலம் படித்த ஆசிய உத்தியோகத்தருக்கென்றே வந்தது. ஆகவே ஒரு கிளாக்கர் இடம் மாறினார், ஒரு ஸ்டேசன் மாஸ்டருக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள், யாழ்ப்பாணத்தார் சங்கத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது என்ற சின்னச் செய்திகளுக்கு அதில் இடம் இருந்தது. எங்கள் ஆட்களின் வாழ்க்கை அந்தச் சின்னச் செய்திகளுக்குள்தான் கிடக்கிறது.

என் பூட்டன் பெயர் வேலுப்பிள்ளை கந்தையா. அப்பப்பாவின் தகப்பன். 1904 அளவில் மலாயா போனவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு முழு ரயில்பாதையும் திறந்தது 1905 ஆகஸ்டில்தான். ஆகவே கொழும்புக்குக் கோச்சி ஓடாத ஊரிலிருந்து போய்க் கோச்சி உத்தியோகம் பார்த்திருக்கிறார். நாகபட்டினம் போய்ப் பினாங்குக் கப்பல் ஏறினவர் என்று அப்பப்பா சொல்லுவார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் ரயில்வேக்கே கூட்டமாகப் போனார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. மிஷன் பள்ளிக்கூடங்கள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த பெடியன்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கின. ஊரில் அவ்வளவு பேருக்கு வேலை இல்லை. மலாயாவிலோ 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை முதல் பாதை போட்டு, அடுத்த வருசம் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து, மளமளவென்று தண்டவாளம் நீண்டுகொண்டிருந்தது. 1901இல் மலாய் மாநில ரயில்வேக்கு ஜெனரல் மனேஜராக வந்த சி. இ. ஸ்பூனர் முந்தி இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். எங்கள் ஆட்களின் எழுத்தும் கணக்கும் அவருக்குத் தெரியும். ஒருவர் போனால் மச்சானைக் கூப்பிடுவார், மச்சான் தம்பியைக் கூப்பிடுவார். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியே ரயில்வேக் குவாட்டர்ஸ்களும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுமாக நிறைந்தது; ஸ்கொட் வீதியில் கந்தசுவாமி கோயிலும் கட்டினார்கள்.

இவ்வளவும் பொதுவான வரலாறு, எங்கும் படிக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது கந்தையா எந்த ஸ்டேசனில் இருந்தார், எப்போது, ஏன் திரும்பி வந்தார் என்பது. வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். கதிரையில் வரிசையாக உத்தியோகத்தர்கள், நடுவில் கழுத்தில் மாலையோடு பூட்டன், கோட்டின் பொத்தானிலிருந்து மணிக்கூட்டுச் சங்கிலி. படம் ஒட்டிய தடித்த மட்டையின் கீழ்மூலையில் ஸ்டூடியோக்காரரின் அழுத்த முத்திரை. ஊர்ப்பெயர் மட்டும் வாசிக்க முடியும்: மலாக்கா. மற்றக் கடதாசிகள் எல்லாம் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன.

இனித் தேடும் முறைக்கு வருகிறேன். இந்தத் தளத்தில் பெயரை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று மூடிவிடாதீர்கள். கந்தையா என்ற பெயரை மலாயாப் பத்திரிகைகள் எத்தனை விதமாக எழுதின என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். முதல் எழுத்து ஆங்கிலக் ‘கே’யாகவும் இருக்கும் ‘சி’யாகவும் இருக்கும், நடுவில் ‘டி’ வரும், அல்லது ‘டி’யும் ‘எச்’சும் சேர்ந்து வரும், ‘ஐ’ வருமிடத்தில் ‘வை’ வரும். இது போதாதென்று, பழைய அச்சைக் கணினி வாசித்து எழுத்தாக்கும்போது வரும் பிழைகள் வேறு. மை பரவிய ‘ஐ’ எழுத்தை அது ‘எல்’ என்று எடுத்துக்கொள்ளும். பத்தியின் ஓரத்தில் பெயர் இரண்டாக உடைந்திருந்தால் இரண்டு தனிச் சொல்லாக்கிவிடும். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் கைகொடுக்காது, ஏனென்றால் மலாயா முழுக்க வே. கந்தையாக்கள். ஒருவர் தபால் கந்தோரில், ஒருவர் நில அளவையில், ஒருவர் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக.

ஆகவே பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பிடியுங்கள். ‘ஸ்டேசன் மாஸ்டர்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் ஊர்ப்பெயரைப் போட்டு, இடப்பக்கத்தில் உள்ள வடிகட்டியில் வருசத்தைக் குறுக்கினால் வரவேண்டியது வரும். இன்னொரு திறவுகோல், யாழ்ப்பாணத்தவரைக் குறிக்க அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதிய ‘ஜஃப்னீஸ்’ என்ற சொல். அதையும் ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தேடினால் கலியாணம், மரணம், சங்கக் கூட்டம், கோயில் திருவிழா, கிரிக்கெட் ஆட்டம் எல்லாம் கொட்டும். ஒருவரின் பெயர் செய்தித் தலைப்பில் இராது. விளையாட்டு அணிப் பட்டியலின் கடைசியில் இருக்கும், மரண வீட்டுக்கு வந்தவர்களின் வரிசையில் இருக்கும்.

தலைப்பு என்றதும் இதைச் சொல்ல வேண்டும். தேடல் முடிவுகளில் ‘பக்கம் இன்னது, பலவகை, பத்தி இன்னது’ என்று மட்டும் சொல்லும் வரிகள் கனக்க வரும். சில வரிகளில் ‘தலைப்பற்றது’ என்றிருக்கும். புதிதாக வருகிறவர்கள் இவற்றைக் குப்பை என்று தாண்டிப் போய்விடுவார்கள். தயவு செய்து தாண்டாதீர்கள். துரைமாரின் செய்திகளுக்குத்தான் தனித் தலைப்பு இருக்கும். எங்கள் ஆட்களின் இடமாற்றமும் பிரியாவிடையும் கலந்துகட்டிய உள்ளூர்ப் பத்திகளுக்குள் மூன்று வரி, நான்கு வரியாகத்தான் வந்தன; அந்தப் பத்திகளைத்தான் தளம் இப்படிப் பெயரிட்டு வைத்திருக்கிறது. நான் கண்ட பெறுமதியான செய்திகள் அனேகமாக எல்லாம் அப்படிப்பட்ட பெயரில்லாத பத்திகளுக்குள் இருந்தவை.

முதலில் அகப்பட்டது 1920களின் ஒரு செய்தி. மலாக்கா நிருபர் எழுதிய பத்தி. ரப்பர் விலை, நீதிமன்றத்தில் ஒரு சாராய வழக்கு, மழை. இவற்றுக்குப் பிறகு மூன்று வரி. இங்கு ஸ்டேசன் மாஸ்டராயிருந்த இன்னார் மாற்றலாகிப் போக, அவரிடத்துக்குக் கந்தையா வந்திருக்கிறார் என்று. முதலெழுத்தும் சரி, ஊரும் மட்டையிலிருந்த முத்திரையோடு சரி. படத்தைப் பெரிதாக்கி அந்த மூன்று வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்து சற்றுச் சாய்ந்து விழுந்திருக்கிறது. ‘கே’யின் ஒரு கால் மங்கல். எங்கள் வீட்டார் அல்லாத ஒருவர், எங்களுக்காக அல்லாமல், பூட்டனைப் பற்றி எழுதி நான் பார்த்த முதல் வரி அது.

மலாக்கா என்றவுடன் சிலர் கேட்கலாம், அங்கே ஏது ரயில் என்று. இன்று ரயிலில் மலாக்கா போக நினைக்கிறவர்கள் புலாவ் செபாங்கில் இறங்கி பஸ்ஸோ காரோ பிடிக்க வேண்டும். முந்தி அந்தச் சந்தியிலிருந்து, அப்போது அதற்குத் தம்பின் ஸ்டேசன் என்று பெயர், மலாக்கா பட்டினம் வரை கிளைப்பாதை ஒன்று ஓடியது, 1905இல் திறந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் அதன் தண்டவாளத்தைக் கழற்றிச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதிக்கும் அதே கதிதான். மலாக்காக் கிளையைப் பிறகு திருப்பிப் போடவே இல்லை. இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. பூட்டன் பச்சைக்கொடி காட்டிய பாதையின் இரும்பு, எங்கள் தமிழ்ச் சனம் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டுக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்த காட்டுக்குள் போயிருக்கிறது.

இரண்டாவது செய்திதான் வீட்டின் கதையையே மாற்றியது. 1930களின் தொடக்கம். உலகமெங்கும் பொருளாதார மந்தம். மலாயாவின் தகரமும் ரப்பரும் விலை விழுந்து, அவற்றைச் சுமந்து பிழைத்த ரயில்வேயும் விழுந்தது. அரசாங்கம் செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தது. அந்த வருசங்களில் இந்தத் தளத்தில் ‘ஆட்குறைப்பு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டால் திரை நிறையும். தோட்டத்துத் தொழிலாளரைக் கப்பல் கப்பலாகத் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பிய செய்திகள், கிளாக்கர்மாரின் முறைப்பாட்டுக் கடிதங்கள், ஓய்வூதியக் கணக்கு. அதற்குள் ஒரு பிரியாவிடைச் செய்தி. ஆட்குறைப்பில் ஓய்வு பெறும் ரயில்வே உத்தியோகத்தருக்கு நண்பர்கள் தேநீர் விருந்து வைத்தார்கள், மாலை போட்டார்கள், கூட்டமாகப் படம் பிடித்துக்கொண்டார்கள். பெயர்களில் கந்தையாவும் ஒருவர்.

எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது வேறு. பூட்டன் ஊர்க் கோயிலைப் பார்க்க ஆளில்லை என்று தானாகவே வேளைக்குப் பென்சன் எடுத்துக்கொண்டு வந்தவர் என்பதுதான் கதை. அப்பா 1938இல் பிறந்தவர். பூட்டனை அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. காங்கேசன்துறைப் பக்கம் கோச்சி கூவினால் மனிசன் மடியிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்து, பிந்தியிருந்தால் வாய்க்குள் ஏதோ சொல்லுவாராம். செய்தியை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன்.

“அப்பா, உங்கடை அப்பப்பாவை ஆட்குறைப்பிலைதான் வீட்டை அனுப்பியிருக்கினம்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். “எங்களுக்கு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. கோயில் மனேச்சர் வேலைக்கு ஆளில்லையெண்டுதான் வந்தவர் எண்டு ஆச்சி சொல்லுவா.” கொஞ்சம் பொறுத்து, “அப்ப அதுதான் ஐயா ராபிள்ஸ் கொலிச்சிலை படிச்சதை இடையிலை விட்டிட்டு வந்திருக்கிறார்” என்றார்.

அப்பாவின் ஐயா, அதாவது என் அப்பப்பா, 1928இல் சிங்கப்பூரில் திறந்த ராபிள்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர், படிப்பை முடிக்கவில்லை. ஊர் திரும்பி வாத்தியாரானார். ஏன் இடையில் விட்டீர்கள் என்று நாங்கள் கேட்டால் பதில் சொல்லமாட்டார். படிப்பில் அக்கறை இல்லாமல் விட்டவர் என்றே எங்கள் தலைமுறை நினைத்திருந்தது. தகப்பனின் சம்பளம் நின்றபோது மகனின் படிப்பும் நின்றிருக்கிறது. கந்தையா அதை அவமானமாக எடுத்திருக்கலாம். அவருடைய மகன் அந்த மறைப்பைக் கடைசிவரை காப்பாற்றினார். ஒரு பத்திரிகைச் சேவையின் தரத்தை எதை வைத்து அளப்பது என்று கேட்டால், நான் இதை வைத்துத்தான் அளப்பேன்: என் அப்பப்பாவைப் பற்றி நாங்கள் வைத்திருந்த ஒரு தவறான எண்ணத்தை அது நீக்கியது.

வீட்டிலிருந்த படமும் அந்தப் பிரியாவிடையில் எடுத்ததுதான் என்றே நம்புகிறேன். மாலை, கதிரை வரிசை, மலாக்கா முத்திரை எல்லாம் பொருந்துகின்றன.

இனிக் குறைகள். கைபேசியில் தேடலாம், ஆனால் வாசிப்பது கஷ்டம். பழைய பக்கத்தைப் பெரிதாக்கி நகர்த்தும்போது இடம் தவறும். மடிக்கணினியில் பாருங்கள். வெட்டியெடுத்த செய்தியைத்தான் தளம் முதலில் காட்டும்; பத்தி அடுத்த பக்கத்தில் தொடர்ந்தால் அது விடுபடும். முழுப்பக்கத்தையும் திறந்து பார்க்கிற பழக்கம் வேண்டும். கணினி வாசித்த எழுத்துகளில் பிழை இருந்தால் வாசகரே திருத்தலாம் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், அருமையான ஏற்பாடு. உங்கள் ஆளின் பெயர் சிதைந்திருந்தால் கட்டாயம் திருத்திவிடுங்கள். அடுத்த முறை அதே குடும்பத்தின் இன்னொரு கிளை, கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ தேடினால் அவர்களுக்கு நேரே அகப்படும். அண்மைக் காலப் பத்திரிகைகள் சிலவற்றைச் சிங்கப்பூர் நூலகத்துக்குள் இருந்துதான் பார்க்கலாம். ரயில்வேப் பூட்டன்மாரைத் தேடுகிறவர்களுக்கு அது இடைஞ்சலே இல்லை.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. அது தளத்தின் குறையல்ல, அந்தப் பத்திரிகைகளின் குறை. ஸ்டேசன் மாஸ்டர், கிளாக்கர், டிக்கட் பரிசோதகர் வரைக்கும்தான் பெயர் உண்டு. தண்டவாளம் போட்டவர்கள், கட்டை மாற்றினவர்கள், சரளைக்கல் சுமந்தவர்கள், கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே வேலைத்தளத்தில் கொதிகலனுக்குள் புகுந்து வேலை செய்தவர்கள், அனேகமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழர்கள், பெயரோடு வருவதில்லை. பாதையில் ஒருவர் ரயிலில் அடிபட்டால் ‘ஒரு தமிழ்க் கூலி’ என்று ஒரு வரி. மரண விசாரணையில்கூட அவ்வளவுதான். கப்பல் பயணிகள் பட்டியலும் அப்படியே. மேல்வகுப்பில் வந்தவர்களின் பெயரை வரிசையாகப் போட்டுவிட்டு, கப்பலின் திறந்த தட்டில் வந்தவர்களை ‘டெக் பயணிகள் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கை மட்டும் போடுவார்கள். கந்தையாவும் அந்த எண்ணிக்கைக்குள் ஒருவராகத்தான் முதன்முதலில் பினாங்கில் இறங்கியிருப்பார். கப்பல் பட்டியலில் அவரைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பெண்கள் அதைவிட மறைவு. பூட்டியின் பெயர் எனக்கு ஒரு இடத்திலும் அகப்படவில்லை. ‘திருமதி கந்தையா’ என்று ஒரு கலியாண வீட்டுச் செய்தியில் ஒரே ஒருமுறை.

இதனால் இந்தத் தளத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. கூட வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கென்று ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதுதான் கல்வெட்டு. அந்தியேட்டியன்று, அதாவது இறந்த முப்பத்தோராம் நாள் கிரியையன்று, அச்சடித்துக் கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தில் வம்சாவளி இருக்கும், உத்தியோக விபரம் இருக்கும், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா இருக்கும். பூட்டனின் கல்வெட்டில் எங்கள் வீட்டுப் பிரதி இடப்பெயர்வில் போனது. கோலாலம்பூரில் இருக்கும் மாமி வீட்டு அலமாரியில் ஒன்று பத்திரமாக இருந்தது. வட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினா. வெண்பாவில் விரோதி வருசம், ஆவணி. விரோதி என்றால் 1949–50. ஆவணி என்றால் 1949 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். இப்படி வருசத்தையும் மாதத்தையும் பிடித்துக்கொண்டால் பத்திரிகைத் தேடலை ஒரு மாதத்துக்குள் அடைத்துவிடலாம். உங்கள் வீட்டில் கல்வெட்டு இல்லாவிட்டால் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் பாருங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் இலவசமாக இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்த பிறகு எங்களுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்தது சிறிய காரியமல்ல. நூலகமும் நியூஸ்பேப்பர்எஸ்ஜியும் ஒன்றுக்கொன்று துணை: ஊர், உறவு, திதி நூலகத்தில், ஸ்டேசன், இடமாற்றம், விருந்து சிங்கப்பூரில்.

மூன்றாவது மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம். செலாங்கூர் செயலகக் கோப்புகளின் தலைப்புகளை இணையத்தில் தேடலாம். ‘லீவு கேட்டு விண்ணப்பம்’, ‘சம்பள உயர்வு கேட்டு மனு’ என்று கிளாக்கர்மாரின் பெயரோடு கோப்புகள் இருக்கின்றன. கோப்பை வாசிக்கக் கோலாலம்பூர் போக வேண்டும், அல்லது அங்கே யாராவது சொந்தக்காரர் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் இது செலாங்கூருக்கு நல்லது. என் பூட்டனைப்போல் மலாக்காவில் இருந்தவர்களுக்கு அவ்வளவு உதவாது.

காசு கட்டும் பரம்பரைத் தேடல் தளங்களைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். ஒன்றில் நானும் சந்தா கட்டினேன். பிரித்தானிய இந்தியாவில் இருந்த ஆங்கிலேயருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் அவை பொக்கிஷம். ஞானஸ்நானம், தேவாலயக் கலியாணம், அடக்கம் என்று பதிவேடு பதிவேடாக உண்டு. சைவக் குடும்பத்துக்கு அவற்றில் பிடி இல்லை. எங்கள் கலியாணம் வீட்டுப் பந்தலில், எங்கள் சாம்பல் கீரிமலைக் கடலில். யாழ்ப்பாணத்து மாச சம்பளத்தில் அந்தச் சந்தா பெரிய தொகை. உங்கள் முன்னோர் அமெரிக்க மிஷன் கிறிஸ்தவர்களாக இருந்தால் யோசிக்கலாம், மற்றவர்கள் வேண்டாம்.

தொழிலாளர் குடும்பத்துக்காரர் என்ன செய்வது என்று கேட்டால், எழுத்தைவிடப் பேச்சை முதலில் தேடச் சொல்லுவேன். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து நேர்காணல்களை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறது. தமிழில் பேசியவையும் உண்டு, பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். பத்திரிகையில் ‘ஒரு தமிழ்க் கூலி’யாக வந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் வாயால் பேசுகிற இடம் அது. தமிழ் முரசையும் விடாதீர்கள். நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் இருக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் கண்ணெடுத்தும் பார்க்காத ஆட்கள் அதில் வருகிறார்கள்: தோட்டத்துச் சீர்திருத்தக் கூட்டங்கள், தொழிற்சங்கம், வேலைநிறுத்தம். செந்தூலில் இருந்த குடும்பமென்றால் அந்தப் பகுதிக் கோயில்களின் பழைய உபயகாரர் பட்டியல்களையும் கேட்டுப் பாருங்கள்.

யாருக்கு இந்தத் தளம் பொருந்தும் என்று சுருக்கமாக ஒரு நண்பி கேட்டா. 1890க்கும் 1940க்கும் இடையில் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ எழுத்து உத்தியோகம் பார்த்தவரின் பேரன் பேத்திகளுக்கு ஐந்துக்கு ஐந்து. போர்க்காலத்துக்கு ஐந்துக்கு இரண்டு. ஜப்பானியர் காலத்துப் பத்திரிகை ஆட்சியாளரின் குரல், அதில் சனத்தின் பெயர் குறைவு. பினாங்கு, ஈப்போப் பக்கத்து ஸ்டேசன்களுக்கு ஐந்துக்கு மூன்று. சிங்கப்பூருக்கு எட்டியவை மட்டும்தான் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் வந்தன. தண்டவாளத் தொழிலாளருக்கு ஒரு புள்ளிகூடப் போட மனம் வரவில்லை.

கண்ட செய்தியை அப்படியே விட்டுவிடாதீர்கள். பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, செய்தியின் இணைப்பையும் படத்தையும் சேர்த்து வையுங்கள். அதே செய்தியைப் பிறகு தேடினால் எளிதில் அகப்படாது. நான் இப்போது மலாக்காவுக்கு முந்திய வருசங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1904இலிருந்து 1920 வரைக்கும் பூட்டன் எங்கே என்று தெரியவில்லை. சிரம்பானில் கொஞ்சக்காலம் இருந்ததாக மாமி சொல்லுறா. சிரம்பான், போர்ட் டிக்சன் பாதையில் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களின் கூட்டப் படங்கள் யாரிடமாவது இருந்தால், பின்பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறதா என்று ஒருக்கால் திருப்பிப் பாருங்கள்.